அப்பாயிண்ட்மெண்டுக்கு நடுவே வேலூர்

சனி

காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்தோம். கீழே ஆறு இருந்தது, தண்ணீர்தான் இல்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி. திருநெல்வேலியில் பார்த்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னதில் குழம்பிப்போய் கடைசியில் வேலூருக்கே போய்விடலாம் என்று கிளம்பிவிட்டோம். முதல் அப்பாயிண்ட்மெண்ட் திங்கட்கிழமை, அடுத்தது வியாழக்கிழமை. நடுவில் சும்மா கிடக்கிற நாட்களை என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவுகளின் கதை.

காந்தி ரோடு பக்கம் லாட்ஜ். பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காளமும் இந்தியும். எங்கள் மாடியில் மற்ற அறைகளில் எல்லாம் வங்காளம், அசாம், ஜார்கண்ட் பக்கத்துக் குடும்பங்கள். அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பு கிடைக்கிறது. படியேறும்போதே கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசனை வந்தது. "ஏங்க, நாம நிஜமாவே தமிழ்நாட்டுலதான் இருக்கோமா?" என்றாள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன தேர்தலில் எங்கள் சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் என்னையும் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு நடந்த கூட்டங்களில் அதிக நேரம் எதற்குப் போனது தெரியுமா? புதிதாகக் கட்டிய மண்டபத்தின் கல்வெட்டில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதற்கு. அதனால், சபையில் தலைமை என்றால் என்ன என்ற கேள்வி எனக்குக் கொஞ்ச நாளாகவே எரிச்சலோடு கூட ஓடிக்கொண்டிருக்கிறது. வேலூரில் அதற்கு ஏதாவது பதில் கிடைக்குமென்று எதிர்பார்த்து வரவில்லை. வந்தது முழங்காலுக்கு.

ஆட்டோ ஓட்டியவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர். பேச்சுவாக்கில் நானும் சி.எஸ்.ஐ. என்று தெரிந்ததும், "நாளைக்கு எங்க ஊருக்கு வாங்க சார், ஏழரைக்கு ஆராதனை, நானே வந்து கூட்டினு போறேன்" என்றார்.

ஞாயிறு

மனைவி படுத்துக்கொண்டாள், நான் மட்டும் போனேன். குடியாத்தம் ரோட்டில் கே.வி. குப்பம் தாண்டி உள்ளே திரும்பினால் பாறை அடுக்கிய குன்றுகள், தென்னந்தோப்பு, கொல்லைகளில் நிலக்கடலை. ஊரின் கடைசித் தெருவில் கோயில். ஒரே அறை, முன்னால் சிறிய முகப்பு, மேலே குழாய் ஸ்பீக்கர். ஏழரை மணிக்கு உபதேசியார் பாட்டு ஆரம்பித்துவிட்டார். ஆயர் வந்தது அதற்குப் பிறகுதான், பைக்கில், அங்கியை ஒரு துணிப்பையில் மடித்து வைத்துக்கொண்டு. அவருக்கு இன்றைக்கு மூன்று ஊர் ஆராதனை. இங்கே திருவிருந்து கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடவேண்டும். மற்ற வாரங்களில் இந்த ஊரை நடத்துவது உபதேசியார்தான். எங்கள் பக்கத்தில் பெரிய ஊர், பெரிய கோயில், ஊருக்கொரு குரு என்று பார்த்துப் பழகியவனுக்கு இந்தக் கணக்கு புதிது.

இந்த வட்டாரத்துச் சபைகளுக்கு வேர் ஆற்காடு மிஷனில் இருக்கிறது. ஸ்கடர் குடும்பத்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் 1853-இல் அமெரிக்க சீர்திருத்த சபையின் பெயரில் தொடங்கியது. இவர்களுடைய அப்பா ஜான் ஸ்கடர், இலங்கைக்கும் பிறகு சென்னைக்கும் வந்த மருத்துவ மிஷனரி. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மிஷன் வளர்த்த சபைகள் அதில் சேர்ந்தன. சென்னைப் பேராயத்திலிருந்து (எங்கள் பக்கத்தில் திருமண்டலம் என்போம்) வேலூர் தனியாகப் பிரிந்தது 1976-இல். கிராமச் சபைகளில் பெரும்பாலானவை தலித் குடியிருப்புகளில் இருப்பவை. இந்த ஊர்க் கோயிலும் ஊரின் கடைசித் தெருவில் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆசீர்வாதம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. ஆயர் அங்கியைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையான கூட்டம் அப்போதுதான் ஆரம்பித்தது என்று எனக்குப் பட்டது.

முதலில் ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை, தாலுகா ஆபீசில் யாரைப் பார்ப்பது? அப்புறம் ஒருவர், அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். வாலிபர்களில் இரண்டு பேர் அங்கேயே கை தூக்கினார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை. அதை மட்டும் ஆயர் "சாயந்திரம் வீட்டுக்கு வர்றேன்" என்று தள்ளிவைத்தார். பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணுக்கு நர்சிங் சீட். இந்தப் பெண்ணின் விஷயத்தில் சாதிச் சான்றிதழ் பேச்சு வந்தது, ஆயரின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்னும் சேர்க்கவில்லை. மதம் மாறிய தலித்துகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஊருக்குள் அவர்களை யாரும் அப்படி நடத்துவதில்லை, அது வேறு. இதனால் சபையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பிரசங்க மேடையிலிருந்து திட்டுகிற போதகர்களை நான் எங்கள் பக்கத்தில் கேட்டிருக்கிறேன். இந்த ஆயர் திட்டவில்லை. "மார்க் ஷீட்டும் போட்டோவும் கொண்டாம்மா, பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட நான் கவனித்தது நாற்காலிக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாவை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளராம். ஒவ்வொருவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆயர் காதில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுவார். பாட்டி மூன்று மாதம் என்றதும், "அஞ்சு மாசம் ஐயா, அவங்களுக்குக் கணக்குத் தெரியாது" என்று திருத்தினார். இவர் வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி வாங்குகிறவர். சோற்றுக்கு உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து சபைக்குக் கொடுப்பது எங்கள் ஊரிலும் இருந்த வழக்கம்; இப்போது கவரில் பணமாகப் போட்டுவிடுகிறோம். அரிசி வாங்கப் போகிறவருக்கு எந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று தெரிந்துவிடும். கவர் வாங்குகிறவருக்கு அது தெரியப்போவதில்லை.

கிளம்பும்போது ஆயரிடம் இதைச் சொன்னேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் மூணு வருஷத்துல மாத்தல்ல போயிடுவேன் ஐயா. இவங்க இங்கதான் இருப்பாங்க. இவங்க பேச்ச நான் கேக்கலன்னா எனக்கு ஊரே தெரியாது." என் நம்பரை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, சாப்பிடாம போறீங்க?" என்றார். இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டேன்.

திங்கள்

நாள் முழுக்க சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியில் வரிசை, சீட்டு, எக்ஸ்ரே, மறுபடி வரிசை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, போனவர்களுக்குத் தெரியும். வெளியே ரோட்டுக்குப் பெயரே ஐடா ஸ்கடர் ரோடு. மனைவி எக்ஸ்ரேக்குக் காத்திருந்தபோது நான் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து தரையில் நெற்றி பட வணங்கினார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடரின் கதை நம் ஊரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர், அந்த ஜான் ஸ்கடரின் பேத்தி. இந்தியாவே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் அப்பா அம்மாவோடு தங்கியிருந்த ஒரு ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவம் சிக்கல். ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட மூன்று பேருக்கும் மனமில்லை, ஐடாவோ மருத்துவரில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய்ப் படித்து, 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார்.

கதையை இந்த இடத்தில் நிறுத்தி ஆமென் சொல்வதுதான் நம் வழக்கம். எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் வருகிற பாகம். 1902-இல் நாற்பது கட்டில் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. கையில் நல்ல பெயர். அதோடு இருந்திருந்தால் சாகும்வரை ராணி மாதிரி இருந்திருக்கலாம். அவர் நர்சுகளுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார், 1909-இல். வண்டியில் மருந்துப்பெட்டியை ஏற்றிக்கொண்டு நேற்று நான் போன அதே குடியாத்தம் ரோட்டில் மரத்தடி மரத்தடியாக நின்று வைத்தியம் பார்த்தார். பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி 1918-இல். தன்னால் மட்டும் முடியாது என்பதை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டுவிட்டார். கல்லூரியாக உயர்ந்தது 1942-இல். தனியொரு மிஷன் நடத்த முடியாத அளவுக்கு அது பெரிதானபோது பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்து தாங்கின. 1947-இல் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்திலேயே பொறுப்புக்கு ஒரு இந்தியப் பெண் வந்தார், டாக்டர் ஹில்டா லாசரஸ்.

கல்லூரியின் குறிக்கோள் வாக்கியம் வேதத்திலிருந்து எடுத்தது, "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்று வருகிற வசனம். வாக்கியத்தைச் சுவரில் எழுத யாராலும் முடியும். இவர்கள் அதை ஒரு பத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள்: சபைகளின் பரிந்துரையில் சேருகிற மாணவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம், அந்தச் சபை காட்டுகிற மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யவேண்டும். ஒடிசாவோ சத்தீஸ்கரோ தருமபுரியோ, ஆள் இல்லாத இடமாகத்தான் இருக்கும். சில பேர் எண்ணி எண்ணி நாளை ஓட்டிவிட்டு வந்துவிடுவார்கள். சில பேர் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

மனைவிக்கு அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது வியாழக்கிழமைதான் தெரியும்.

செவ்வாய்

காட்பாடி பக்கம் கரிகிரி. தொழுநோய்க்கான ஆராய்ச்சி மையம், 1955-இல் தொடங்கியது. நான் நினைத்துப் போனது ஒரு வெட்டவெளி ஆஸ்பத்திரியை. போனால் தோப்பு. தொடங்கியபோது பொட்டல்தானாம்; டாக்டர் எர்னஸ்ட் ஃப்ரிட்சி என்ற எலும்பு அறுவை மருத்துவர் இங்கே பொறுப்பில் இருந்த காலத்தில் மழைத்தண்ணீரைத் தேக்கி மரம் வைத்து இதைக் காடாக்கியிருக்கிறார். அறுவை சிகிச்சை நிபுணர் மண்ணைக் கொத்தினார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கரிகிரி என்றால் டாக்டர் பால் பிராண்ட் பெயரைச் சொல்லாமல் முடியாது. கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர், 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோய் என்றால் சதை அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்றே உலகம் நம்பியிருந்த காலம். பிராண்டும் கூட இருந்தவர்களும் பொறுமையாகப் பார்த்ததில் தெரிந்தது வேறு. நரம்பு செத்து உணர்ச்சி போய்விடுகிறது. சுடுகிற பாத்திரம், ஆணி, செருப்பில் கல் எதுவும் தெரியாது. புண்ணாகி, புண்மேல் புண்ணாகி விரல் குறைகிறது. மறுவாழ்வு மையத்தில் சிலருக்கு ராத்திரியில் படுத்து எழுந்தால் விரலில் ஒரு துண்டைக் காணோம். காவல் இருந்து பார்த்தார்கள். எலி! தூங்குகிறவருக்கு வலிக்கவில்லை. அதன்பிறகு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம்.

தசைநாரை இடம் மாற்றி மடங்கின விரலை நிமிர்த்துகிற அறுவை சிகிச்சையால்தான் பிராண்ட் உலகத்துக்குத் தெரிந்தார். கரிகிரியில் என்னை அதிக நேரம் நிறுத்தியது செருப்பு. மெத்தென்ற நுண்துளை ரப்பரில் அடித்தளம் வைத்து, ஆணி அடிக்காமல் செய்கிற செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்கிறார்கள். உணர்ச்சியில்லாத பாதத்தில் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்காக. இப்போது சர்க்கரை நோயாளிகளும் இதையே வாங்கிப் போடுகிறார்கள். நோய் குணமாகிவிட்ட பிறகும் ஆயுசு முழுக்க அந்த ஆளுக்குத் தேவைப்படுவது டாக்டரை அல்ல, நல்ல செருப்புத் தைப்பவரை. இங்கே அந்தத் தொழிலாளியும் மருத்துவக் குழுவில் ஒருவர்.

இன்னொருவரையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மேரி வர்கீஸ், வேலூரில் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையையே நடத்தினார். வேலூர் பாகாயத்தில் 1966-இல் வந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய கைராசி.

எங்கள் சபையில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை. கல்வெட்டு இருக்கிறது.

புதன்

பஸ்ஸில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத் திருப்பத்தூர். ஆம்பூரில் பிரியாணி பற்றி எழுதாவிட்டால் இந்தப் பயணக் கட்டுரையை யாரும் நம்பமாட்டார்கள். சாப்பிட்டோம், சீரக சம்பா, கூடவே கத்தரிக்காய். போதும். மனைவியும் வந்தாள், பஸ்ஸில் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது. ஒரு காலத்தில் இதெல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, 2019-இல் மிச்சமிருந்த வேலூர் மூன்றானது. இப்போது திருப்பத்தூர் தனி மாவட்டம்.

நாங்கள் போனது கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கு. 1921-இல் இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. ஒருவர் தமிழர், ஜேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். அன்றைக்கு மிஷன் என்றால் தலைமை வெள்ளைக்காரரிடம், கூட நிற்பது இந்தியர். சம்பளம் தனி, பங்களா தனி, சாப்பாட்டு மேசை தனி. இது இருவருக்கும் ஒத்துவரவில்லை. கல்யாணம் வேண்டாம், சம்பளம் வேண்டாம், ஒரே சாப்பாடு, ஒரே கதர் என்று இங்கே வந்து உட்கார்ந்தார்கள். ஊர் ஜனங்கள் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். 1921-இல் ஒரு வெள்ளைக்காரர் தம்பி ஸ்தானத்தில் நிற்பது சாதாரண காரியமில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை வேறு.

கதர் கட்டினதற்கு விலையும் கொடுத்தார். 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த தெருவில் நின்றவரைப் போலீஸ் அடித்து, சாயத்தண்ணீரைப் பீய்ச்சியது. விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக வந்தது.

ஆலயத்தைப் பார்க்கவேண்டும். கோபுரம், தூண் வைத்த மண்டபம், திறந்த முற்றம், நம் கோயில் கட்டுகிற முறையில் கல்லில் கட்டியது. கூரிய கண்ணாடி ஜன்னலும் மணிக்கூண்டும்தான் கிறிஸ்தவக் கோயில் என்று வளர்ந்த எனக்கு உள்ளே போனதும் கை தன்னால் செருப்பைக் கழற்றியது. மனைவிக்குக் கொஞ்சம் தயக்கம். "ஜெபிக்கலாமாங்க இங்க?" என்றாள். ஜெபித்தோம்.

என் கருத்தைச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். இந்த ஆசிரமத்தின் கட்டடத்தைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. கோபுரம் வைத்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. யார் பெரியண்ணன், யார் சின்னண்ணன் என்று அன்றைக்கு எடுத்த முடிவுதான் பெரிது. கோபுரத்தைப் பணம் இருந்தால் நாமும் கட்டிவிடுவோம். சின்னண்ணனாக இருக்க எங்கள் கமிட்டியில் ஆள் கிடைக்காது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வியாழன்

அறுவை சிகிச்சை வேண்டாம். உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, ஆறு மாதம் கழித்து மறுபடி வரவேண்டும். எடைக் குறைப்பு என்றதும் நேற்றைய பிரியாணி நினைவுக்கு வந்து இருவரும் சிரித்துவிட்டோம். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை.

மதியம் கோட்டை. அகழியில் தண்ணீர் இருந்தது, ஆச்சரியம். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846-இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் ஆலயம், மூன்றும் ஒரே மதிலுக்குள். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறைகளாக மூலவரே இல்லாமல் இருந்து, 1981-இல்தான் லிங்கத்தை மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம் என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். செயின்ட் ஜான்ஸ் ஆலயம் பட்டாளத்துக்காகக் கட்டியது. நேர்த்தியாக இருக்கிறது. இந்த வாரம் பார்த்தவற்றில் என் மனதில் ஒட்டாத இடம் இதுதான்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் போன். ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஆயர். "ஐயா, தோத்திரம். ஒரு உதவி. அந்தப் பொண்ணு நர்சிங் சீட் விஷயம். இங்க இடம் முடிஞ்சிடுச்சாம். உங்க திருமண்டலத்துல நர்சிங் ஸ்கூல் இருக்குதே, விசாரிக்க முடியுமா?" மார்க்கைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, போனை வேறு யாரிடமோ கொடுத்தார். அந்த அம்மாதான். பாடம் பாடமாக மார்க்கைச் சொன்னார். அப்பா இல்லை, அம்மா ஷூ கம்பெனியில் வேலை, ஹாஸ்டல் கட்டணத்தில் பாதியைப் பெண்கள் சங்கம் பார்த்துக்கொள்ளும், மீதிக்குத்தான் வழி வேண்டும் என்றார்.

எங்கள் கமிட்டியில் நர்சிங் ஸ்கூல் நிர்வாகத்தைத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. கல்வெட்டு விஷயத்தில் எனக்கு எதிராகப் பேசியவர், இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கூப்பிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை, இரண்டாவது தடவை எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் சனிக்கிழமை. மார்க் ஷீட்ட இப்பவே அனுப்பச் சொல்லுங்க" என்றார். அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மீதி ஹாஸ்டல் கட்டணத்தை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் விஷயமாக வைக்கவேண்டும். அதற்கு அவரே என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். நாளை காலை காட்பாடியில் ரயில்.